கோழியும் மீனும்: குஞ்சுப் பருவமே அடிப்படை

(கால்நடை பராமரிப்பு, மீன்வளத் துறைகளில் புதிதாகப் பணியேற்ற அலுவலர்களும் வேளாண் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில், ஒடிசா மாநிலத்தில் நெடுங்காலம் விரிவாக்கப் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை.)



கோழி வளர்ப்பு, மீன் வளர்ப்பு ஆகிய இரண்டின் அடிப்படைகளையும் ஒரே உரையில் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஒன்று நிலத்தில் நடப்பது, மற்றொன்று நீரில் நடப்பது. இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். என் பணிக்காலத்தில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொன்னால் காரணம் விளங்கும்.

1980-களின் தொடக்கம். அன்றைய ஒரிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். நிதியாண்டு முடிவதற்குள் இலக்கை எட்ட வேண்டும் என்பதற்காக, ஜனவரி மாதக் குளிரில், பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை வழங்கினோம். ஒரு குடும்பத்துக்குப் பத்துக் குஞ்சுகள். வங்கிக் கடனும் மானியமும் சேர்ந்த திட்டம் அது. இலக்கு நூறு விழுக்காடு நிறைவேறியது என்று அறிக்கை அனுப்பினேன், பாராட்டும் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவ்வூர்களில் ஒன்றுக்குச் சென்றபோது, ஒரு மூதாட்டி வெறும் கூடையைக் கொண்டுவந்து என் முன்னே கவிழ்த்துக் காட்டினார். "பாபு, குஞ்சு மூன்றாம் நாளே போய்விட்டது. கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது" என்றார். அவ்வூரில் வழங்கிய குஞ்சுகளில் எஞ்சியவற்றை ஒரு கையின் விரல்களாலேயே எண்ணிவிடலாம்.

அடுத்த ஆண்டு அதே பகுதியில் ஓர் ஊராட்சிக் குளத்தில் கெண்டை மீன் நுண்குஞ்சுகளைப் பெருமளவில் விட்டோம். விழா நடந்தது, மாலை மரியாதைகளும் நடந்தன. ஆண்டின் இறுதியில் வலை வீசியபோது கெண்டைகள் அகப்படவில்லை. கொழுத்த விரால் மீன்கள்தாம் அகப்பட்டன. அரசு செலவில் விராலுக்கு விருந்து வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரு நிகழ்ச்சிகளிலும் பிழை ஒன்றே. கோழியானாலும் மீனானாலும், அதன் வாழ்வில் மிகவும் நலிந்த பருவம் குஞ்சுப் பருவம். அந்தப் பருவத்தில், வசதி மிகக் குறைந்தவர்களின் கையில் அதை ஒப்படைத்துவிட்டு, நாங்கள் கணக்கை முடித்துக் கொண்டோம். இன்று நான் சொல்லப் போகும் அடிப்படைகள் பெரும்பாலும் இந்தப் பருவத்தைப் பற்றியவையே. தீவனக் கலவை, இனத் தேர்வு, சந்தை ஆகியவை பற்றி நூல்கள் பல உள்ளன.

முதலில் நாட்டின் நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1950-51-இல் இந்தியாவின் மீன் உற்பத்தி ஏறத்தாழ 7.5 லட்சம் டன். 2022-23-இல் அது 175 லட்சம் டன்னைத் தாண்டியது. இதில் முக்கால் பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைப்பது. கடலில் பிடிப்பதைவிடக் குளத்தில் விளைவிப்பதே இன்று பெரிது. முட்டை உற்பத்தி 1950-51-இல் ஏறத்தாழ 183 கோடி. 2022-23-இல் 13,800 கோடிக்கு மேல். ஆயினும் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 180 முட்டைகள் தேவை என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்க, 2022-23-இல் கிடைத்ததோ சராசரியாக 101 முட்டைகளே. சராசரி என்பதால் அது யாருடைய தட்டுக்கும் உரிய கணக்கு அன்று. மலைப்பகுதிச் சிற்றூரின் தட்டில் அதில் பாதியும் விழுவதில்லை என்பதை அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும் பண்ணைகளின் வளர்ச்சி வியத்தகு சாதனைதான். ஆனால் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 85 கோடிக் கோழியினங்களில் ஏறக்குறைய 32 கோடி புறக்கடையில் வளர்பவை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒப்பிட்டால் இவ்வெண்ணிக்கை 46 விழுக்காடு அளவுக்கு உயர்ந்துள்ளது. நம் துறையின் வேலை அந்தப் புறக்கடையில்தான் இருக்கிறது.

இனி கோழிக்குஞ்சுக்கு வருவோம். முட்டையில் 21 நாள் இருந்து வெளிவரும் குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. தாய்க்கோழியின் சிறகு அதனைத் தருகிறது. தாயில்லாக் குஞ்சுக்கு நாம்தான் சிறகாக வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருத்தல் வேண்டும். பின்னர் வாரத்துக்கு ஐந்து டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். மின்விளக்கு, கரியடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு என எதனால் வெப்பம் தந்தாலும் சரி. புகை சூழாமலும் தீப்பற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. குஞ்சுகளே வெப்பமானிகள். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர் மிகுதி. விளக்கைவிட்டு ஓரங்களில் ஒதுங்கி, வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. பரவலாக நடமாடி, மேய்ந்து, படுத்துறங்கினால் எல்லாம் சரியாக உள்ளது. இதைப் படிப்பறியாத தாயும் ஒரே நாளில் கற்றுக்கொள்வாள்; நான் கற்பித்தவர்கள் என்னைவிட நன்றாகக் கற்றார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள். சாவு பெரும்பாலும் விடியற்காலையில்தான் நேர்கிறது. நெருக்கிப் படுத்தவற்றுள் அடியில் கிடப்பவை மூச்சுமுட்டி இறக்கின்றன. காலையில் பார்ப்பவர் அதை நோய் என்று எண்ணிவிடுகிறார்.

குஞ்சுகள் வந்து சேர்ந்ததும் முதலில் தண்ணீர், பின்னரே தீவனம். பயணக் களைப்புத் தீரச் சிறிது வெல்லம் கரைத்த நீர் போதும். தரையில் நெல் உமியோ மரத்தூளோ பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள் விரிக்க வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் தீவனமென்று கருதி உமியைத் தின்னும். கூளம் ஈரமாகக் கூடாது. ஒரு பிடி கூளத்தை எடுத்துக் கையில் இறுக்கி விடுங்கள். உதிர்ந்தால் நன்று, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. ஈரக் கூளத்தில்தான் இரத்தக்கழிச்சல் தோன்றுகிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள கூளத்தை அன்றாடம் கிளறி, நனைந்ததை அகற்றிவிடுவது எந்த மருந்தையும்விட மலிவானது.

அடுத்தது தடுப்பூசி. நம் நாட்டுக் கோழிகளின் பெரும்பகை இராணிக்கேத் நோய், அதாவது வெள்ளைக்கழிச்சல். குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ஊரின் பெயரால் வழங்கும் இந்நோய் ஒரு சிற்றூரின் கோழிகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் அழிக்க வல்லது. முதல் வார இறுதியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஓர் ஊசி. இது உங்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் சிற்றூரில் நடைபெறாததன் காரணம் வேறு. தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கு உரியது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு வீட்டிலோ ஐந்து கோழிகள். ஐந்து கோழிகளுக்காகக் குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே ஊரிலுள்ள கோழிகளை ஒரே நாளில், திறந்து விடுமுன் விடியற்காலையில், பனிக்கட்டிப் பெட்டியுடன் சென்று முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊர்ப் பெண்களில் இருவரைப் பயிற்றுவித்து, கோழிக்குச் சிறு கட்டணம் என்று வைத்துவிட்டால் வேலை தானாகவே நடக்கும். இலவசமாகச் செய்தபோது எங்களை எதிர்பார்த்திருந்தவர்கள், கட்டணம் வைத்தபின் நாள் தவறாமல் தாமே அழைத்தார்கள்.

குஞ்சுப் பருவத்தின் இந்தச் சிக்கலைத் திட்ட வகுப்பாளர்களும் பிற்காலத்தில் உணர்ந்தார்கள். 11-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய ஊரகப் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில், ஒரு நாள் குஞ்சுகளைத் தாய்ப் பண்ணையில் நான்கு வாரம் வளர்த்து, தடுப்பூசியும் போட்டபின் குடும்பங்களுக்கு வழங்க வகை செய்யப்பட்டது. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களும் அப்படித்தான். தொடக்க வாரங்களில் விளக்கு வெப்பத்தில் வளர்த்த பின்னரே அவற்றைத் திறந்த வெளியில் விட வேண்டும். அந்த மூதாட்டியின் கூடையில் ஒரு நாள் குஞ்சுக்குப் பதிலாக நான்கு வாரக் குஞ்சை வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். எண்ணிக்கை குறைந்திருக்கும், என் பாராட்டுக் கடிதமும் வந்திராது.

இப்பொழுது குளத்துக்குச் செல்வோம். 1957-க்கு முன்பு கெண்டைக் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தோம். கங்கையிலும் பிற ஆறுகளிலும் வெள்ளக் காலத்தில் வலை கட்டிச் சேகரிப்பார்கள். அதில் எது கெண்டை, எது வேறு மீன் என்று அந்த வயதில் பிரித்தறிய இயலாது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவின் அங்குலில், டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் அவருடைய சக அறிவியலாளர் டாக்டர் கே. எச். அலிகுஞ்ஞியும், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். ஓடும் ஆற்றில் மட்டுமே இனம் பெருக்கும் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றின் தூய குஞ்சுகள் நம் கைக்கு வந்தது இம்முறையால்தான். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1971-இல் தொடங்கிய அகில இந்தியக் கூட்டுமீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம், 1973-74 முதல் மாவட்டங்களில் அமைந்த மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகள் ஆகியவை எல்லாம் இதன்மேல் எழுந்த கட்டடங்கள்.

ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நாளான நுண்குஞ்சின் நீளம் ஆறு மில்லிமீட்டர் அளவே. பருத்திநூல் துண்டு போன்றது. அதைப் பெரிய குளத்தில் நேரே விடுவது, ஒரு நாள் கோழிக்குஞ்சை வயல்வெளியில் விடுவதற்கு ஒப்பாகும். முதலில் சிறிய நாற்றங்கால் குளத்தில் பதினைந்து முதல் இருபது நாள் வளர்த்தால் அது ஓர் அங்குல நீளமுள்ள இளங்குஞ்சாகும். பின்னர் வளர்ப்புக் குளத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தால் நான்கு அங்குல அளவுள்ள விரலியாகும். விரலிகளைத்தான் ஊர்க் குளத்தில் விட வேண்டும். நாற்றங்காலை ஒழுங்காகப் பேணினாலும் நுண்குஞ்சுகளில் பாதிக்குக் குறைவாகவே பிழைக்கும் என்பதை நினைவிற் கொள்க. பேணாவிட்டால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றங்காலில் பகைவர்கள் மூன்று வகை: ஊனுண்ணும் மீன்கள், நீர்ப்பூச்சிகள், பசி.

மீன்களை ஒழிக்கக் குளத்தை வற்றச்செய்து காயவிடுவதே சிறந்தது. வற்றாத குளத்துக்கு இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. ஒரு எக்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள நீருக்கு 2,500 கிலோ என்ற அளவில் ஊறவைத்துத் தெளித்தால் விரால், கெளிறு, வாளை அனைத்தும் மேலே வந்துவிடும். அவற்றை உண்ணலாம், விற்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் நச்சு நீங்கி அப்புண்ணாக்கே எருவாகிவிடும். மயூர்பஞ்ச் காடெங்கும் இலுப்பை மரங்கள். ஊரார் அதன் எண்ணெயை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். புண்ணாக்கு என் கண் முன்னாலேயே குவிந்து கிடந்தும் எனக்கு அதன் நினைவு எழவில்லை.

நீர்ப்பூச்சிகளை நம் மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை. மல்லாந்து நீந்தும் ஒரு சிறு பூச்சி, நாளொன்றுக்கு எத்தனையோ நுண்குஞ்சுகளின் உயிரைக் குடிக்கிறது. அது மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும். குஞ்சு விடுவதற்கு முந்திய நாள், காற்றில்லா வேளையில், எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை மேற்பரப்பில் படலமாகப் பரப்பினால் பூச்சிகள் மூச்சடைத்து மடியும். எக்டருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்பது வழக்கமான அளவு. காற்று வீசும் நாளில் செய்தால் படலம் ஒரு கரையில் ஒதுங்கிவிடும்; செலவு வீணாகும்.

பசிக்கு மருந்து எரு. சுண்ணாம்பு இட்டு, பின்னர் சாணம் இட்டால் நீரில் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகும்; அவையே நுண்குஞ்சின் முதல் உணவு. அதன்பின் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவில் பொடித்துத் தூவலாம். புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் மீனுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். அதிலுள்ள நஞ்சு இரண்டுக்குமே ஈரலைக் கெடுக்கும்.

குஞ்சு விடும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். பிராணவாயு நிரப்பிய பைகளில் குஞ்சுகள் வரும். பையை அவிழ்க்காமல் குளத்து நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பின்னர்க் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்படி விட வேண்டும். ஒரு விழாவில், சிறப்பு விருந்தினருக்கு அவசரம். நண்பகல் வெயிலில் பைகளை அவிழ்த்து அப்படியே கொட்டினோம். கைதட்டல் ஓயுமுன்னே குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டின. விருந்தினர் அதைக் கவனிக்கவில்லை. கரையிலிருந்த மீனவர்கள் கவனித்தார்கள். விழாவை வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு வையுங்கள்.

விரலிகளை விடும் கூட்டுமீன் வளர்ப்பில் கட்லா நீரின் மேல் மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிருகால் அடியிலும் இரை தேடும். 1959-இல் அயல்நாட்டிலிருந்து வந்த வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும், அவற்றோடு சாதாக்கெண்டையும் எஞ்சிய உணவைப் பயன்கொள்ளும். எக்டருக்கு ஐயாயிரம் விரலிகள் என்பது தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பான அளவு. விகிதங்களை நூலில் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊரார் எந்த மீனை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை மட்டும் சந்தையில் நேரில் பாருங்கள். வங்காளத்திலும் ஒடிசாவிலும் ரோகுவுக்கு உள்ள மதிப்பு வெள்ளிக்கெண்டைக்கு இல்லை.

இனி இரண்டையும் இணைப்பது. குளத்தங்கரையில் கோழிக்கொட்டில் அமைத்து, அதன் ஆழ்கூளத்தைக் குளத்துக்கு எருவாக இடும் முறை நம் ஆராய்ச்சி நிலையங்களில் நன்கு ஆராயப்பட்டது. இருபத்தைந்து முதல் முப்பது கோழிகள் ஆண்டுக்கு ஒரு டன் ஆழ்கூள எரு தரும். எக்டர் குளத்துக்கு ஐந்நூறு முதல் அறுநூறு கோழிகள் போதும். அரை ஏக்கர் குளமுள்ள குடும்பத்துக்கு நூறு கோழிகள். எருச் செலவு இல்லை, மீன் தீவனச் செலவும் வெகுவாகக் குறையும்.

ஆயினும் இன்றைய அறிவைக்கொண்டு இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதல் தோன்றியது. 2008-இல் மேற்கு வங்கத்தின் புறக்கடைக் கோழிகளைப் பெருமளவில் தாக்கியது. அந்நோய்க் கிருமி எச்சத்தின் வழியாக நீரிலும் பரவும். ஆகவே கொட்டிலை நேரே நீரின் மேல் அமைப்பதைவிட, கரையில் அமைத்து, நன்கு மட்கிய கூளத்தையே அளவோடு இடுவது மேல். நீர்வாழ் பறவைகள் கொட்டிலுக்குள் புகாமல் வலையடிக்க வேண்டும். இறந்த கோழியையும் இறைச்சிக் கழிவையும் குளத்தில் எறியவே கூடாது. இரண்டாவது, தீவனத்தில் கலக்கும் நோயுயிர் முறி மருந்துகள். அவை எச்சத்தோடு குளத்தில் இறங்குகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே உருவாகின்றன. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை உணவுக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை 2019-இல் மைய அரசு தடை செய்தது. விற்பனையாளர் எதை 'வளர்ச்சி ஊக்கி' என்று கொடுக்கிறார் என்பதைப் பொட்டலத்தைப் படித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. உழவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

எரு மிகையானால் நேர்வது என்ன? பகலில் பச்சை நிறப் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவே உட்கொள்கிறது. எனவே விடியலுக்குச் சற்று முன்பு குளத்தில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே எருவையும் தீவனத்தையும் நிறுத்தி, மூங்கிலால் நீரை அடித்துக் கலக்கி, முடிந்தால் புதுநீர் பாய்ச்ச வேண்டும். முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. கையை நேராக நீரில் இறக்குங்கள். முழங்கை நனையும் அளவில் உள்ளங்கை மறைந்தால் நீர் வளமாக உள்ளது. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் எருவை நிறுத்துக. முழங்கைக்கு மேல் இறக்கியும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் மீன்கள் பட்டினி கிடக்கின்றன.

கடைசியாக ஒரு படிவத்தைப் பற்றி. நமது மாதாந்திர அறிக்கையில் 'வழங்கப்பட்ட எண்ணிக்கை' என்றொரு கட்டம் இருக்கிறது. அதற்கு அடுத்து, கோழியானால் ஆறாவது வாரத்திலும் மீனானால் மூன்றாவது மாதத்திலும் 'உயிருடன் உள்ள எண்ணிக்கை' என்றொரு கட்டத்தை, என் பணியின் பிற்பகுதியில் நானே கையால் கோடிட்டுச் சேர்த்தேன். மேலிடத்திலிருந்து முதலில் வந்தது விளக்கம் கேட்கும் கடிதம். அவ்வாண்டு எங்கள் வட்டாரத்தின் எண்ணிக்கைதான் மாவட்டத்திலேயே குறைவு. ஆனால் கடன் தவணைகள் திரும்பி வந்தன. வங்கி மேலாளர் தாமாகவே அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களைக் கேட்டு ஆளனுப்பினார். அக்கட்டத்துடன் கூடிய படிவத்தின் படிகளை வாசலருகே வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம்.

நாளைக் காலை நாம் குளத்தைப் பார்க்கச் செல்கிறோம். நிகழ்ச்சி நிரலில் எட்டு மணி என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை ஐந்து மணி என்று திருத்திக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு எல்லாக் குளமும் நன்றாகவே இருக்கும்.